பள்ளிக்கூடத்தில் கேட்ட சாவு மேளம்

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. யதுர்ஷிகாவை யாரும் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தவும் இல்லை, அவள் போனில் அசிங்கமாக எதையும் போடவும் இல்லை. இராக்கம்மாதான் குழாயடியில் நின்று நாலு பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீ அந்த வீடியோவப் பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? தோட்டமே பாத்திருக்கு."

"தோட்டம் பாத்தது இருக்கட்டும். நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப வாளிய நெரப்பிக்கிட்டுப் போ."

நான் பார்த்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதில் வாசிக்க ஒன்றும் இல்லை. வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கவிழ்ந்து கிடக்கும் தகரப் பீப்பாயை இரண்டு குச்சியால் அடிக்கிறாள். அசிங்கம் எங்கே இருக்கிறது? அவள் எந்த அடியை அடித்தாள் என்பதில்தான் வினை இருந்தது.

அவளும் அவள் அம்மா விஜயலெட்சுமியும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர்தான். அப்பன் வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுகிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். விஜயலெட்சுமி எங்கள் பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். தவழும் வயதிலேயே இந்தப் பிள்ளையின் கை சும்மா இருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் தாளம், பாடம் படித்தால் பலகையில் தாளம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பொய் அவளுக்கு வராது. ஒரு நாள் என் கருப்பட்டியை எடுத்திருக்கிறாள். நான் தேடுவதற்கு முன்னாலேயே வந்து, "பாதியத் தின்னுட்டேன் அம்மாயி, மீதி இந்தா" என்று நீட்டினாள். திட்டவும் முடியவில்லை.

இப்போது பதினோராம் ஆண்டு படிக்கிறாள். டிசம்பரில் ஓ.எல். அரசாங்கச் சோதினை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் போனில் ஒரு சேலஞ்ச் சுற்றிக்கொண்டிருந்தது. உன் ஊரில் அதிகம் கேட்கிற தாளம் எதுவோ, அதைக் கையில் கிடைத்ததில் அடித்துக் காட்ட வேண்டுமாம். அப்புத்தளையில் ஒரு பையன் ரயில் ஓடுகிற சத்தத்தை மேசையில் அடித்துப் போட்டிருந்தான். இவள் இடைவேளையில் பீப்பாயின் முன் நின்று, தன் போனில் சிநேகிதி படம் பிடிக்க, சாவு வீட்டில் அடிக்கிற அடியை அடித்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு நேர் மேலே கொழுந்து மலை. அன்று பனிமூட்டம் வேறு. பனிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எங்கள் தோட்டத்தில் சாவு மேளம் கேட்டால் யாரென்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். எடுத்த கொழுந்தோடு இறங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு வேலை கிடையாது. அன்றைக்கும் அப்படியே மலையே இறங்கியது. யார் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் சிவஞானம் அண்ணன் மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார்.

அவர் மகள் பாக்கியம் முன்னால் ஓடி வந்தாள். தண்ணீர் ஓடுகிற கானில் கால் தவறி விழுந்து, முழங்காலில் இரத்தம். பின்னால் வந்த பொம்பளைகள் வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். நான் அவருக்குத் துணையாக உள்ளேதான் இருந்தேன். சிவஞானம் அண்ணன் சுவரில் சாய்ந்து பிஸ்கட்டைச் சாயத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னா எல்லாரும் வந்திருக்கீங்க? யாரு செத்தது?" என்று கேட்டார்.

பாக்கியம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவர் பிஸ்கட் தண்ணிக்குள் விழுந்தது. அதுதான் அவருக்குக் கவலை.

மறுநாள் விஜயலெட்சுமியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலை நின்றுபோனதற்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நேரில் போய்ப் புகார் சொல்லியிருந்தார். விஜயலெட்சுமிக்குப் படிப்பிக்கிற சேர்மார்கள் முன்னால் பேச்சு வராது. அதனால் நானும் போனேன்.

ஒழுக்கத்தைப் பார்க்கிறவர் தயாபரன் சேர். எங்கள் தோட்டத்தில் பிறந்து படித்தவர்தான். போன வருஷம் ஒரு பையன் வீடியோவுக்காக ரயில் பாதையில் நின்று அடிபட்டு, இன்றைக்கும் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். அதன் பிறகு சேர் ஒரு சட்டம் வைத்தார்: பள்ளிக்கூடத்துக்குள் போன் கொண்டுவந்து இப்படி வீடியோ எடுத்தால் விடுகைப்பத்திரம். அதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் சோதினைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? விஜயலெட்சுமி வழியெல்லாம் பிள்ளையிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். "அது என்ன அடின்னு தெரியாதுன்னு சொல்லிரு. சும்மா அடிச்சேன்னு சொல்லிரு."

சேர் கேட்டார். "அது என்ன அடின்னு தெரிஞ்சுதான் அடிச்சியா?"

விஜயலெட்சுமி பிள்ளையின் தோளைக் கிள்ளினாள். எனக்குத் தெரிந்தது, சேருக்கும் தெரிந்திருக்கும்.

"தெரியும் சேர். மலைக்குக் கேக்கும்னுதான் நெனைக்கல."

"அத ஏன் அடிச்ச? திருவிழா அடி ஒண்ணும் தெரியாதா?"

"அதிகம் கேக்குற அடியத்தான் அடிக்கணும் சேர். திருவிழா வருஷத்துக்கு ஒருக்கா. இது மாசா மாசம் கேக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்து அதிபர் மேசையில் கையை ஓங்கி வைத்தார். "பாத்தீங்களா திமிர? பத்திரத்தக் கொடுத்து அனுப்புங்க."

தயாபரன் சேர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்பா சாவுக்கும் அதே அடியைத்தான் அடித்தார்கள். பிறகு சொன்னார்: "பயந்தது நாம இல்ல. மலையில நின்னவங்க. இவ காலையில பெரட்டுக் களத்துல அவங்க முன்னால நின்னு நடந்ததச் சொல்லட்டும். அங்க ஒருத்தர் இவ பள்ளிக்கூடத்துல வேணாம்னு சொன்னாலும் நானே பத்திரத்தக் கொடுத்து அனுப்புறேன். யாரும் சொல்லலைன்னா ரெண்டு கிழமை வகுப்பு இல்ல, போன் சோதினை முடியிற வரைக்கும் என் அலுமாரியில."

"ரெண்டு கிழமை ரொம்பக் கூடுதல்" என்றேன்.

"நீங்க பேசாம இருங்க அம்மா."

"பேசத்தான் வந்தேன்."

அவர் குறைக்கவில்லை. அது கூடுதல்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் பிள்ளை நின்றாள். சேரும் ஓரமாக நின்றார். "நான்தான் அடிச்சேன். தெரிஞ்சுதான் அடிச்சேன். ஒங்களுக்குக் கேக்கும்னு யோசிக்கல. மன்னிச்சுக்கங்க." அவ்வளவுதான் சொன்னாள்.

பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "ஏ புள்ள, நல்ல மழை நாளாப் பாத்து ஒருக்கா அடிக்க மாட்டியா? நாங்களும் நேரத்தோட எறங்குவோம்ல."

களமே சிரித்தது. கங்காணி அதட்டியும் நிற்கவில்லை. பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலில் துணிக் கட்டோடு முன்னால் வந்தாள். சேர் நிமிர்ந்து பார்த்தார். விஜயலெட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த வீடியோவ அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் அத்தை. ஆனா வேற ஆளுங்க எடுத்து வச்சிருக்காங்க. அத என்னால அழிக்க முடியாது."

"எங்கப்பன் நெசமாப் போற அன்னிக்கு, நீ எதுலயும் கை வைக்கக் கூடாது."

"சரி அத்தை."

"வேற எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பாக்கியம் வரிசைக்குத் திரும்பினாள். வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. தயாபரன் சேர் பள்ளிக்கூடத்துப் பக்கம் இறங்கிப் போனார்.

அந்தப் பதினாலு நாளும் பிள்ளை சீருடை போடாமல் நடமாடியதைப் பார்த்துத்தான் இராக்கம்மா கதை கட்டினாள். பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தாளம் தொடங்கும், நின்றுவிடும், கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கும்.

தண்டனை முடிந்த திங்கட்கிழமை விஜயலெட்சுமி வெள்ளைச் சட்டையைக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வைத்துவிட்டு முன்னாலேயே பெரட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை தானே இரட்டைப் பின்னல் போட்டு, பையை மாட்டி, கதவைத் திறந்து வெளியே வந்தாள். "போயிட்டு வாறேன் அம்மாயி" என்றாள். அதே நேரம், அப்பாவைக் கவனித்துவிட்டுப் பிந்திப்போன பாக்கியமும் கொழுந்துப் பையோடு தன் வாசலிலிருந்து இறங்கினாள். பிள்ளை நின்று அவளுக்கு வழி விட்டாள். பாக்கியம் போகவில்லை. "வா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள். இரண்டு பேரும் ஒன்றாக இறங்கிப் போனார்கள்.