அதிகாரிக்காகக் காத்திருந்த வாழைகள்

நோய் கண்ட செடியை அதிகாரி பார்வையிடும்வரை அகற்றக் கூடாது. அதிகாரியும் தாமதமின்றிப் பார்வையிட வேண்டும் என்பது விதி. ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற நான் இரண்டு பாதியையும் படித்திருக்கிறேன். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் முதல் பாதி மட்டுமே அமலில் இருக்கிறது.

சித்திரையில் என் கொல்லை வாழையின் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. தண்டைக் கீறினால் உள்ளே கருஞ்சிவப்பு. அன்றே விவசாய இலாகாவுக்கு மனு அனுப்பினேன். பிறகு தெருவாரிடம், நோய் கண்ட மரங்களை எல்லோரும் சேர்ந்து தோண்டி எரித்துவிடலாம் என்றேன்.

பக்கத்து வீட்டு முத்தம்மா, மகளின் ஆவணிக் கல்யாணப் பந்தலுக்காக இரண்டு குலைவாழைகளை வளர்த்து வந்தார்.

"கிராணி ஐயா, தொர வந்து பாக்கறப்ப மரம் இல்லேன்னா தண்டம் நீங்க கட்டுவீங்களா? நீங்கதானே எழுதிப் போட்டீங்க, பதில் வரட்டும் லா!"

"பதில் வர்றதுக்குள்ள குலை பழுத்துடும். தொரைக்கே ஒரு சீப்பு குடுப்போம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். தெருவே சிரித்தது.

நினைவூட்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. ஆடிக்குள் தெருவில் பாதி வாழை சாய்ந்தது. முத்தம்மாவின் குலைவாழைகளும் மடங்கின. அன்று அவரே மண்வெட்டியோடு வந்தார்.

"வாங்கய்யா, தண்டம் போட்டா எல்லாரும் சேந்து கட்டுவோம்."

மிச்சமிருந்ததையும் தோண்டி எரித்தோம். பந்தலுக்கு வாழை வெளியூரிலிருந்து, கிள்ளானிலிருந்து வந்தது.

இப்போதெல்லாம் வாடிய இலையைக் கண்டால் முதலில் தெருவாரைக் கூப்பிடுகிறேன். மரத்தை எரித்த பிறகே மனு எழுதுகிறேன்.

அவ்வருடத் தீபாவளிக்கு வாழையிலையைக்கூடப் பாசார்ச் சந்தையில் வாங்கித்தான் விருந்து பரிமாறினோம். அதிகாரி வரும்வரை மரங்களைத் தொட வேண்டாம் என்ற இலாகாவின் பதில் வந்தது, அதற்கு மறுநாள்.