பக்கத்துக் கட்டிலின் போத்தல்

என் கணவர் புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அசலுக்கும் பிரதிக்கும் ஒரு கமா வித்தியாசம் இருந்தாலும் முத்திரை குத்த மாட்டார். அப்படிப்பட்ட மனிதர்தான் தன் சொந்தச் சிறுநீரில் கள்ளம் செய்தார்.

காலில் இருந்த ஆணியைச் சவர பிளேட்டால் தானே வெட்டியதில் தொடங்கியது. நீரிழிவுக்காரர் செய்யக்கூடாத வேலை என்று சொன்னேன். சொன்னது நான் என்பதால் கேட்கவில்லை. நாலாம் நாள் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினார். வெள்ளவத்தையிலிருந்து பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் அடையாள அட்டைகளையும் தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் நான்தான் நீட்டினேன். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார் டொக்டர்.

ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டது. சொதியில் உப்பில்லை என்று முறையிடும் அளவுக்கு மனிதர் தேறினார். ஆனால் சிறுநீர் குறைந்தது. கிருமியும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கிருமியைக் கொல்லும் இந்த மருந்தும் சிலருக்குக் கெடுக்கும், இன்னும் குறைந்தால் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் போடவேண்டிவரும் என்றார் டொக்டர். போத்தலில் பிடித்ததை அளந்து தாளில் எழுதும் வேலையை நேர்ஸ் என்னிடம் தந்தார்.

அறையில் இன்னொரு கட்டில் இருந்தது. அதில் மருதானையைச் சேர்ந்த ஒரு சிங்களவர், ஓய்வுபெற்ற ரயில் கார்ட். வடக்குக்கு ரயில் ஓடிய காலத்தில் யாழ்ப்பாணம் போய்வந்து தமிழ் பழகியவர். கால் வீக்கத்துக்கு, நீர் போக மாத்திரை கொடுத்திருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டது போலப் போவார். அவருக்கும் போத்தல், தாள். அளப்பது அவர் மனைவி.

ஒருநாள் எங்கள் போத்தலில் முந்நூறு மில்லிலீற்றர் தொள்ளாயிரமாக ஏறியது. கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். மறுநாளும் தொள்ளாயிரம். ஆனால் இரத்தப் பரிசோதனை முன்னைவிட மோசம். டொக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று மருந்தை மாற்றாமல் விட்டார்.

அன்று மத்தியானம் குழாயடியில் பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தபோது கார்டின் மனைவி அழுதுகொண்டு நின்றார். மாத்திரை கொடுத்தும் தன் மாத்தயாவுக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் குறைந்துவிட்டதாம். எவ்வளவு குறைந்தது என்று சிங்களத்தில் கேட்டேன். அறுநூறு என்றார். நானும் எழுதுவினைஞரின் மனைவிதான். என் தேங்காய் எந்தச் சிறுநீரகத்துக்குப் போனது என்று விளங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, உந்தப் போத்திலுக்க இருக்கிறது ஆற்றை சலம்?"

அறைக்குள் வந்து கணவரிடம் கேட்டேன். அவர் முகட்டைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்தான் பதில் சொன்னது. "கோவிக்க வேணாம் நோனா. ஐயாவுக்கு மெசினுக்குப் பயம். என்னட்ட நிறைய இருந்திச்சு, கொஞ்சம் குடுத்தன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். கணவர் மெதுவாக, "மெசினில போட்ட ஆக்கள் திரும்பி வாறேல்லையாம். உம்மை இந்த ஊரில தனிய விட்டிட்டு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, நான்தான் சொல்லவில்லை.

ஆனாலும் டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நிமிடமே ஊசியை மாற்றினார்.

மறுநாள் உண்மைக் கணக்கு இருநூற்று இருபது. அதற்கடுத்த நாள் இருநூற்று அறுபது. மெசினுக்கு இடம் கேட்டு வைத்திருந்தார்கள். நாலாம் நாள் காலை போத்தலைத் தூக்கியபோது கனத்தது. ஐந்நூற்றுப் பத்து. நான் எழுதவில்லை. முதலில் பக்கத்துக் கட்டிலடியில் குனிந்து அந்தப் போத்தலைப் பார்த்தேன். அது கழுத்துவரை நிரம்பியிருந்தது.

"பயப்பிடாமல் எழுதும். இது ஒறிஜினல்" என்றார் என் கணவர்.

நான் இன்னும் இரண்டு போத்தல்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார்டின் மனைவி பேனையை வாங்கி, எங்கள் தாளில் அந்த எண்ணை எழுதினார்.