ஹார்டு டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய்

ஆவடியை அடுத்த வெள்ளானூர் வீட்டுக் கூடத்தில் அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு ஸ்டூல் போடத்தான் இடம் இருக்கும். "ராத்திரிக்கு தோசையா, சப்பாத்தியா? கேக்கா?" என்று பக்கத்துத் தெருவுக்கும் எட்டும்படி அப்பா கத்துகிறார். கத்திவிட்டு, என் நெற்றிக்கு ஓர் அங்குலம் மேலே பார்த்தபடி ஒரு நொடி பொறுக்கிறார். கேட்கிறதா என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கேக்கா என்றுதான் வரும், அதில் புதுமை இல்லை. அந்த ஒரு நொடிதான் எனக்குப் புதிது. ஆவடியிலிருந்து குரல் கிளம்பி ஸ்வீடன் வந்து சேர ஆகும் நேரம் அது. ஒன்பது வருடம் ஞாயிறுதோறும் கேமராவைப் பார்த்துப் பேசிப் பழகிய மனிதருக்கு, மகன் நேரில் வந்து குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. முதல் நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் எரிச்சல் வந்தது. எனக்கு எதுவும் மூன்றாம் நாளில் எரிச்சலாகிவிடும்.

அம்மாவின் தலைத்திவசத்துக்காக இரண்டு வார விடுப்பில் வந்திருந்தேன். சடங்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அப்பா முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மேசைக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார். திரை கறுப்பாகவே இருந்தது. அவர் பொத்தானைக்கூடத் தொடவில்லை. "கம்ப்யூட்டர் ஓடலியாப்பா?" என்றேன். "நாலு வாரமா ஓடல." "அப்ப எதுக்கு அது முன்னாடி உக்காந்திருக்கீங்க?" "ஞாத்துக்கெழமைலா," என்றார். நான் வருவதற்கு முந்தைய வாரங்களில் என்னிடம் "போன்லயே பேசுவோம், அதான் வசதி" என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மீதியை அவர் வாயிலிருந்து பிடுங்கவேண்டியிருந்தது. எங்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒவ்வொன்றையும் அவர் திரையோடு பதிவு செய்து வைத்திருக்கிறார். அம்மா போன பிறகு, என்னோடு பேசி முடித்ததும் பழையதில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பாராம். என்னைக் கேட்காமல் என்னைப் பதிவு செய்திருக்கிறாரே என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. அது நான் ஸ்வீடனில் கற்றுக்கொண்ட கோபம். அந்த ஊரில் அனுமதி கேட்காமல் பக்கத்து வீட்டு நாயைக்கூடப் படம் எடுக்கமாட்டார்கள். வெட்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அம்மாவுக்கென்று தனியாகக் கைபேசி கிடையாது. குரல் செய்தி அனுப்பச் சொன்னால் "ஆளில்லாத பொட்டிகிட்ட என்ன பேச?" என்பாள். அம்மாவின் குரல் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. என் வேலையே ஒரு கம்பெனியின் கோப்புகள் தொலையாமல் பார்த்துக்கொள்வது. மூன்று இடங்களில் நகல், வாரம் ஒரு சோதனை. அப்பாவின் கணினிக்கு ஒரு நகல் எடுத்து வைக்க ஒன்பது வருடத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

நான் இருக்கும் ஊரை அங்கிருப்பவர்கள் யோத்தெபோரி என்கிறார்கள். அம்மா கடைசிவரை "உன் ஊரு" என்றே சொன்னாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அங்கே என் கீழ்வீட்டில் பிர்யிட்டா என்றொரு முதிய பெண்மணி. அம்மா இறந்து நான் திரும்பிப் போனபோது மாடிப்படியில் நிறுத்தி, "அம்மா இருந்தபோது அவரோடு எப்போதாவது பேசுவாயா?" என்று கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அரைமணி நேரம் என்றேன். "வா ஃபீந்த்!" என்றார், எவ்வளவு அழகு என்று. அவருடைய மகன் கிறிஸ்துமஸுக்குத்தான் கூப்பிடுவானாம். அரைமணி நேரம்தானா என்று என்னைக் குத்திக்காட்டப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அவரோ எனக்குப் பட்டம் கொடுத்துவிட்டார். அந்தப் பட்டத்தை மார்பில் குத்திக்கொண்டு ஒரு வருடம் திரிந்தேன். வெளிநாட்டில் குப்பை கொட்டும் என் போன்றவர்களுக்கு இந்த மாதிரிச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

திங்கட்கிழமை காலை டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் பஸ் பிடித்து, பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். கீழே லாரிகளின் ஹாரன், மேலே ஒரே ஒரு அறை. போன கோப்புகளை மீட்டுத் தருவதில் கெட்டிக்காரி என்று சொல்லப்பட்ட தேவி, நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். எனக்கு வரிசைச் சீட்டு எடுத்து நிற்கிற ஊரின் பழக்கம் தொற்றியிருந்தது. என்றைக்குக் கிடைக்கும், எத்தனை சதவீதம் மீளும், கோப்புகளைப் பார்க்கமாட்டேன் என்று எழுதித் தருவீர்களா என்று வரிசையாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டராண்ட போயி எத்தினி மூச்சு பாக்கி கீதுன்னு கேப்பியா சார்? வந்தா வரும். பாக்காத இருந்தா, வந்துச்சா இல்லியான்னு எனுக்கு எப்டி தெரியும்?"

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தவர், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியைக் கழற்றியதும் நிமிர்ந்தார். "யாரு இத முன்னாடியே தொறந்தது? உள்ள எண்ணெ நிக்கிது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"நான்தான். டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சு. பேரிங்குன்னு நெனச்சேன்," என்றார்.

அப்பா ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டராக இருந்தவர். இயந்திரத்தின்மேல் ஸ்குரூ டிரைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே எந்த பேரிங் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே வைத்தியத்தை ஹார்டு டிஸ்க்குக்கும் பார்த்திருக்கிறார். காதில் வைத்துக் கேட்டு, நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவரால் மூடியைக் கழற்றி, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை நடுவில் ஒரு சொட்டு விட்டு, மறுபடி பொருத்தி ஓடவிட்டிருக்கிறார். காற்றில் மிதக்கும் தூசி பட்டாலே கெட்டுப்போகிற தட்டில் எண்ணெய். நான் அந்தச் சின்ன அறையில் கத்திவிட்டேன். "எல்லாம் உங்களுக்கு லேத் மெஷினா? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக்கூடாதா? அம்மாவையே அழிச்சிட்டீங்க!" சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நைனாவ ஏன் சார் கத்துற?" என்றார் தேவி. "அவுருக்குத் தெரிஞ்ச வைத்தியத்த அவுரு பாத்துகினாரு. இத்தினி வருசமா நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

தேவி வேலைக்குத் திரும்பினார். தட்டைத் துடைத்துவிடலாம், ஆனால் அதைப் படிக்கிற ஹெட் வளைந்துவிட்டது என்றார். "இதே மாடலு, இதே மாசம் செஞ்சது ஒண்ணு வோணும். அதுல கீற ஹெட்ட கயட்டி இதுல மாட்டணும். பத்து வருசத்துப் பொருளு, இப்போ எங்க போயி தேடுவ?" விமானத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கைபேசியை எடுத்து எந்த நாட்டில் கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்று தேட ஆரம்பித்தேன். அப்பா மெதுவாக, "ஏம்மா, அதுல போட்டிருக்க நம்பரச் சொல்லு," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "ஒம்பது பேரு சேந்துலா வாங்குனோம்," என்றார்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் என்னைப்போல் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பிளாக்கில் மதுரை, சேலம், கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சமையல் வேறு, சாமி வேறு, ஆனால் சாமான் மட்டும் ஒன்று. ஒருவர் மிக்ஸி வாங்கினால் மற்றவர்களும் அதே கடையில் அதே நிறத்தில் வாங்குவார்கள். ரிப்பேர் என்றால் ஒருவருக்கொருவர் உதவலாம் என்பது கணக்கு. பள்ளிக்கூட வயதில் எனக்கு அது மானக்கேடாக இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் வீட்டுத் திரைச்சீலையே தொங்கும். இந்த அச்சு வார்த்த வாழ்க்கையிலிருந்து ஓடிவிடவேண்டும் என்று நினைத்தவன் நான். ஓடியும் போனேன். நான் ஸ்வீடனுக்குப் போன அந்த வருடம்தான் பிள்ளைகளை வெளியே அனுப்பிய ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே மாதிரி ஒன்பது கணினி வாங்கினார்களாம். யோத்தெபோரியில் என் எதிர்வீட்டுக் கதவில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்து அடுக்ககத்தில் இருக்கும் ராமலிங்கம் மாமா வீட்டுக்குப் போனோம். தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே ஷாப்பில், அதாவது ஒரே பிரிவில், வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர். விஷயத்தை அப்பா சொல்லி முடிக்கும் முன்பே எழுந்துவிட்டார். "இதுக்கு என்னத்துக்குங்க தயங்கறீங்க? தம்பி, எம்பொண்ணு கல்யாணப் படம் அதுலதான் கெடக்குது. அத மட்டும் எடுத்துக் குடுத்துட்டுக் கொண்டு போங்க." கழற்றினால் அந்த டிஸ்க் மறுபடி உதவாது என்று நான் இரண்டு முறை சொன்னேன். "தெரியுமுங்க தம்பி, நானும் ஃபிட்டர்தான்," என்றார். மூலையில் அவருடைய கணினிமேல் நீலப்பூப் போட்ட துணியுறை கிடந்தது. எங்கள் வீட்டிலும் அதே துணி, அதே உறை. ஒன்பது வீட்டுக்கும் அம்மாதான் தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஓரத்தில் அவளுடைய இரட்டைத் தையல். அந்த உறையை மடிக்கிற சாக்கில் ஏரிப்பக்கம் திரும்பி நின்று அழுதேன். மாமா பார்த்தும் பார்க்காத மாதிரி காபி போடப் போனார்.

அதன் பிறகு ஐந்து நாட்கள் நான் பட்ட அவஸ்தை இருக்கிறதே! வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் லாரி வருகிறதா என்று வாசலுக்குப் போவேன், வந்தால் உள்ளே ஓடுவேன். தேவியை ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிட்டேன். இரண்டாம் நாளிலிருந்து அவர் எடுக்கவில்லை. ஊருக்குப் போகவேண்டும் என்று நாள் எண்ணினேன், போகக்கூடாது என்றும் எண்ணினேன். அப்பா என்னிடம் அதே மாதிரி கத்திப் பேசி, ஒரு நொடி பொறுத்தார். கடையில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அப்பா தோசைக் கல்லை அடுப்பில் ஏற்றினார். சனிக்கிழமை மாலை தேவியே கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துகீது சார். நைனாவ கூட்டிகினு வா."

நானூறுக்கு மேல் இருந்ததில் முப்பத்தேழு மீண்டிருந்தன. சிலது பாதியில் நின்றுவிடும் என்று தேவி எச்சரித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, மறுநாள் விமானம் என்ற நிலையில், அப்பாவும் நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு என் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தோம். கோப்புக்குப் பெயர் 'ஞாயிறு 212'. தொழிற்சாலையில் வேலைச் சீட்டுக்கு எண் போட்ட பழக்கம்.

திரை முழுக்க நான் வந்தேன். அத்தனை வருடமும் என் திரையில் அம்மாவும் அப்பாவும் பெரிதாகவும் நான் மூலையில் தபால்தலை அளவிலும் இருந்தோம். இங்கே எல்லாம் மாறியிருந்தது. பின்னால் ஜன்னலில் பனி, முன்னால் என் பெரிய முகம். நல்ல சேலை கட்டிய அம்மா கட்டைவிரல் அளவில் மூலையில் இருந்தாள். குரல் மட்டும் சின்னதாகவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். திரையில் என் கண் வலப்பக்கம் நகர்ந்தது. விசைப்பலகை தட்டும் சத்தம். என் மூக்குக்கண்ணாடியின் இரு சில்லுகளிலும் வெள்ளையாக ஒரு கடிதப் பக்கம் தெரிந்தது. அம்மா வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள். மூலையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவும் பொறுத்தார். அவர்கள் இருவரும் அசையாமல், கேமராவைப் பார்த்தபடி, நான் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"மெயில் வந்திருக்கும்," என்றார் அப்பா, என் பக்கத்திலிருந்து. "அம்மா சொல்லுவா, வேலையா இருக்கான், வரட்டும்னு."

"தெரியுமாப்பா உங்களுக்கு?"

"கண்ணாடியிலதான் தெரியுதே."

திரையில் நான் முகத்தைத் திருப்பினேன். "என்னம்மா, லைன் நின்னுருச்சா?" என்றேன். ஒன்பது வருடமாக நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அம்மா சிரித்தாள். "ஆமாய்யா, லைனுதான்," என்றாள். அத்தோடு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோனது.

நின்றுபோன திரையில் பெரிதாக நான், மூலையில் அம்மா. திரைக் கண்ணாடியின்மேல் மங்கலாக, வெள்ளானூர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இருவரும். அப்பா அந்தத் திரையில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டார், அதே கத்தலில்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்? கேக்கா?"

கேட்டுவிட்டுப் பொறுத்தார். என் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. கை தானாக அங்கே போனது. பாதி வழியில் அதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தார்.