கிளட்ச் அக்காவின் வண்டி

என் மனைவிக்குத் தெருவில் கிளட்ச் அக்கா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது அந்த ஒரு சொல்லைத்தான் தொண்டை கிழியக் கத்துவாள். அவளுடைய கார் அவளைவிட மூத்தது. தினமும் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, இஞ்சின் சூடேறும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பாள்.

“பெட்ரோல் என்ன குழாயிலயா வருது? கிளம்பேன்” என்று நான் ஜன்னலருகே நின்று எரிந்து விழுவேன்.

ஒருநாள் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தது. “அவ்வளவுதான், இஞ்சினை இறக்கணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

மெக்கானிக் நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். “இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. வால்வு சீல்தான் காஞ்சு போச்சு. சின்ன ரப்பர், மாத்திட்டா புகை நின்னுடும்.”

“இந்த மாதிரி பழைய இஞ்சின் எவ்வளவு தூரம்தான் தாங்கும்?” என்றேன் விடாமல்.

“பொதுவா ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்ல பிரிச்சு வேலை பாக்கணும். இது ரெண்டு லட்சத்தைத் தாண்டிருச்சு, இன்னும் ஓடும். நேரத்துக்கு ஆயில் மாத்தி, சூடேறுறதுக்கு முன்னாடி விரட்டாம வெச்சிருக்கீங்க. யாரு பாத்துக்கறது?”

“நாங்கதான்” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சீல் மாற்றிய மறுநாள் காலை, நானும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். ஸ்டார்ட் செய்தாள். புகையே இல்லை. வழக்கம்போல் நகராமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“பிரேக்” என்றாள்.