தூசி வரிசையில் விழுந்த பிசகு

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிறேன். என் வேலையில் குறை சொல்ல இதுவரை ஆள் பிறக்கவில்லை. அங்கே மேசைமேல் இருக்கும் ஓர் இரும்புக் கலத்தில் காற்றை உறிஞ்சி, கொஞ்சம் வாயு விட்டு, மின்சாரம் ஏற்றுவார்கள். கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் பூக்கும். அதற்குள் மாவைவிட நைசான தூசியை உதிர்த்தால் கீழே விழாது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒரே தட்டாக மிதக்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறு தூசி. அதைத் திரையில் பார்த்தால் எனக்குக் கண் சொக்கிவிடும்.

அன்று காலை திரையின் நடுவே கோணலாக ஒரு கோடு. அந்தக் கோடு நெடுக ஒரு தூசியைச் சுற்றி ஐந்து, அதற்குப் பக்கத்துத் தூசியைச் சுற்றி ஏழு.

"கோடு விழுகறது உண்டுதான். இத்தன நீளமா விழுந்ததில்லையே. ஏனுங்கம்மா, தொடைக்கறப்ப மேசைய இடிச்சுப்போட்டீங்களா?" என்றார் பேராசிரியர்.

எனக்குச் சுருக்கென்றது. "நானுங்களா? என் முந்தானை கூட அதுல பட்டதில்லீங்க. அணைச்சுப்போட்டு மறுக்கா போடுங்க. நான் கதவோரம் கையக் கட்டிட்டு நிக்கறேன்."

ஆராய்ச்சி செய்யும் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போட்டுப் பாத்தரலாமுங்க சார். இல்லீனா அம்மா இன்னைக்கு நகரமாட்டாங்க," என்றது.

அணைத்தார்கள், தூசி விழுந்தது. மறுபடி வெளிச்சம் ஏற்றிப் புதிதாக உதிர்த்தார்கள். முதலில் சந்தைக் கூட்டம் போல அலைந்தது. பிறகு இங்கே ஒரு திட்டு, எதிரே ஒரு திட்டு, தனித்தனியே வரிசை கட்டி மெல்ல மெல்ல வளர்ந்தன.

தொண்டாமுத்தூரில் செண்டுமல்லி நாற்று நட்டது நினைவில் மிதந்து வந்தது. முன்வரிசையின் இடைவெளி பார்த்து அடுத்த வரிசை நடுவோம். மேற்கிலிருந்து ஒரு கூட்டம், கிழக்கிலிருந்து ஒரு கூட்டம், பேச்சு மும்முரத்தில் வரிசைக்குக் கயிறு பிடிக்காமல் நட்டு வருவோம். இரண்டு பக்கமும் நேர்த்திதான். நடுவில் சந்திக்கும்போது மட்டும் வரிசை சேராது. ஒரு நாற்று நெருக்கத்தில் நிற்கும், ஒன்று அகலத்தில் நிற்கும். யார் பிசகு என்று சண்டை போடுவோம்.

திரையில் இரண்டு திட்டும் சந்தித்தன. அதே நீளத்துக்குக் கோடு விழுந்தது, இம்முறை வேறு இடத்தில். ஐந்தும் ஏழும் ஜோடி ஜோடியாக.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மேல தப்பில்லீங்கம்மா. சேருற எடத்துல தானா விழுகுது."

"நாத்து நட்டவளுக்கு அது தெரியாதுங்களா?" என்றேன்.

அன்று அந்த அறையை இரண்டாம் முறையும் துடைத்தேன், மேசைக்கு ஒரு முழம் தள்ளி.