இறக்கக்கண்டிப் பாலத்தில் ஒற்றைச் சில்லு

ஓடுகிற பஸ்ஸுக்குள் பிரகலாதன் எதையும் பிடிப்பதில்லை. மேலே கம்பி இருக்கிறது, பக்கத்தில் ஆசனங்களின் முதுகு இருக்கிறது, இருந்தும் பிடிப்பதில்லை. இடது குதியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, முழங்கால்களைத் தளர்த்தி, சனத்துக்கு நடுவில் தனக்கென்று ஒரு சாண் இடம் எடுத்துக்கொண்டு நிற்பான். வளைவு வருவதற்கு ஒரு நொடி முன்பே இடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு கையில் ரிக்கற் புத்தகம். மறு கையில் விரல்களுக்கிடையே நீளவாக்கில் மடித்த தாள்கள். யாராவது "இறக்கம்!" என்று குரல் கொடுத்தால் போதும், தலையைத் திருப்பியும் பார்க்கமாட்டான். வலது கை தானாக எழுந்து கூரைத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டும். உடம்பு மிதிபலகைக்குப் போகும். பஸ் நிற்பதற்கு முன்பே இடது கால் தார் வீதியில் இருக்கும். திருகோணமலை – குச்சவெளிப் பாதையில் பதினாறு வருடமாக நடத்துநர் வேலை. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

ஒற்றைச் சில்லுச் சைக்கிள் அவனிடம் வந்து சேர்ந்ததும் இந்த பஸ்ஸில்தான். மூன்று வருடத்துக்கு முன் நிலாவெளியில் ஒரு ஜெர்மன்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒரு சில்லு, ஓர் ஆசனம், இரண்டு பெடல். பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. ரிக்கற் கிழிக்கப் போன பிரகலாதன் குழம்பி நின்றான்.

"நானா, இதுக்கு என்ன ரிக்கற் போடுறது?"

சாரதி அபூதாஹிர் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். கிண்ணியாக்காரர். பதினாறு வருடமும் பிரகலாதனுக்கு அவர்தான் சாரதி. "பாதிதானே இரிக்கி. அரை ரிக்கற் போடு தம்பி. மத்தப் பாதியக் கொண்டு வந்தா முழுசாப் போடுவம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் நாளில் ஜெர்மன்காரர் அதைப் பிரகலாதனின் கையில் கொடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விமானம் ஏறப் போனார்.

திருகோணமலைக் கடற்கரை மைதானத்தில், ஊருக்குள் திரியும் மான்கள் மேய்கிற நேரமாகப் பார்த்துப் பழகினான். மனிதர் பார்த்தால் வெட்கம், மான்கள் பார்த்தால் பரவாயில்லை. பஸ்ஸுக்குள் நிற்பது மாதிரித்தானே என்று தொடங்கியவன், பஸ்ஸை ஓட்டுவதற்கு அபூதாஹிர் இருக்கிறார், இதை ஓட்டுவதற்குத் தான் மட்டும்தான் இருக்கிறேன் என்பதை விழுந்து விழுந்து படித்தான். பத்து மீற்றர் போவதற்கு மூன்று கிழமை சென்றது. பிறகு உப்புவெளியில் அவர்களுடைய ஒழுங்கையை முழுதாகச் சுற்றி வருகிற அளவுக்கு வந்தான். அதோடு அது ஒரு விளையாட்டாக நின்றுவிட்டது.

விளையாட்டைப் பார்ப்பதற்கு வீட்டில் ஒரு தங்கச்சி இருந்தாள். லதுஷா. பன்னிரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுடைய கால்கள் வேலை செய்யவில்லை. வாய் அதற்கும் சேர்த்து வேலை செய்தது.

"எனக்கு நாலு சில்லு, அதில ஒண்டு ஓடாது. உனக்கு இருக்கிறதே ஒரு சில்லு, அதுவும் ஓடாது" என்பாள். "வடிவான குடும்பம்."

இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஓர்ஸ் ஹில்லில், நடக்க முடியாத ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் தையல்கூடத்தில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறாள். போன வெள்ளத்தில் அவளுடைய பழைய சக்கர நாற்காலியும் துருப்பிடித்துப் போக, கூடத்தில் மிஞ்சியவை நாலு. ஒன்பது பேரும் முறை வைத்துத்தான் பாவித்தார்கள்.

சித்திரை மாதத்து வெயிலில் ஒரு நாள் பிரகலாதன் அங்கே போயிருந்தபோது தங்கச்சிக்கு ஒரு போத்தல் சோடா நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"பின்னேரம் வீட்ட போய்க் குடிக்கிறன்."

"இந்த வெயிலுக்க இப்ப குடிச்சா என்ன?"

"குடிச்சாப் போகோணும். போறதுக்குக் கதிரை வேணும். எனக்கு முன்னால மூண்டு பேர் நிக்கினம்." சொன்னவள் தானே திருத்தினாள். "சீ, இருக்கினம்."

அவள் சிரித்தாள். பிரகலாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ஏழரையிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரை அவள் ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கத்துக்கு எழுதினான். இரண்டு கிழமை கழித்துச் செயலாளர் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. சும்மா கேட்டா ஆக்கள் கை நீட்டமாட்டினம். ஏதும் ரெக்கோட் கிக்கோட் எண்டாச் சொல்லுங்கோ. ஒன்பது வீல்செயாரும் எடுத்துத் தாறது என்ர பொறுப்பு."

பிரகலாதன் திரும்பிப் பார்த்தான். கிணற்றுக்கட்டில் ஒற்றைச் சில்லு சாய்ந்து கிடந்தது.

கொழும்பில் சாதனைகளைப் பதிவு செய்கிற ஓர் அமைப்பிடம் விசாரித்தார்கள். ஒற்றைச் சில்லில், கால் நிலத்தில் படாமல், நாட்டில் ஒருவர் போயிருக்கிற கூடிய தூரம் நாற்பத்துநாலு கிலோமீற்றர். ஒரு தரம் கால் பட்டால் அந்த இடத்தோடு முடிந்தது. குடும்பத்தைச் சேராத ஒரு சாட்சி தொடக்கத்திலிருந்து கடைசிவரை கூடவே வரவேண்டும். உப்புவெளியில் தொடங்கிக் குச்சவெளி போய்த் திரும்பி நிலாவெளிச் சந்திக்கு வந்தால் நாற்பத்தைந்து.

"இடையில கால் பட்டு முறிஞ்சா?" என்று செயலாளரைக் கேட்டான்.

"முறிஞ்சா நான் சங்கத்தில முகம் காட்டேலாது தம்பி. பிறகு கதிரையும் இல்லை."

அதன்பிறகு நாலு மாதம் அவன் விடியற்காலைகளில் வீதியில் இருந்தான். ஆசனத்துக்குப் பழைய பஸ் சீற்றிலிருந்து ஸ்பொன்ச் வெட்டிக் கட்டினான். இரண்டாம் கிழமை தொடையின் உட்பக்கம் உரிந்துபோய், பஸ்ஸுக்குள் கால்களை அகட்டி அகட்டி நடந்தான்.

"என்ன தம்பி, முட்டையிட இடம் தேடுறியா?" என்றார் அபூதாஹிர்.

"பகிடி விடாதேங்கோ நானா. எரியுது."

"ரெண்டு சில்லு இரிக்கக்குள்ள ஒரு சில்லுல போறது என்ன நேர்ச்சை? உன்ட தங்கச்சிக்கு எண்டதாலதான் ஒண்டும் சொல்லாம இரிக்கன்." ஒன்றும் சொல்லாமல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே நிலாவெளி வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்தப் பழக்க ஓட்டத்துக்குக் கூடவே ஓர் ஓட்டோ போகும். ஓட்டுவது டிலான், பிரகலாதனோடு படித்தவன். பின் ஆசனத்தில் படம் பிடிக்கும் போனோடு லதுஷா. அவளுக்குப் பக்கத்தில் சாட்சிக்காரர் சூசைப்பிள்ளை. ஓய்வுபெற்ற தபாலதிபர், தன் கண்ணால் காணாத எதற்கும் கையெழுத்து வைக்காதவர் என்று பெயரெடுத்தவர். பழக்கத்துக்கு வரத் தேவையில்லை என்று சொல்லியும் வந்தார். "நானும் பழகோணுமே" என்றார். வழி முழுக்கப் பிரகலாதனின் பாதங்களையே பார்த்துக்கொண்டு வருவார். கடலோ விடியலோ அவருக்குப் பொருட்டில்லை.

டிலானின் வேலை முன்னுக்கு வருவதைச் சொல்வது. "பள்ளம்!" "மாடு!" "பின்னால டிப்பர்!" ஒற்றைச் சில்லில் போகிறவன் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். காலடியில் கிடப்பதை வேறு யாராவது பார்த்துச் சொல்லவேண்டும்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது, இறக்கக்கண்டிப் பாலம் வரை. நிலாவெளியைத் தாண்டி வருகிற பாலம். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் உண்மையான சோதனை மறுபக்கம். ஒற்றைச் சில்லுக்கு பிரேக் கிடையாது. இறங்கும் வேகத்தைக் கால்களே பிடித்துப் பிடித்து விடவேண்டும். அதனால் உச்சியில் வைத்தே டிலான் முன்கூட்டிக் கத்தினான்.

"மச்சான், இறக்கம்! இறக்கம்!"

பிரகலாதன் இறங்கிவிட்டான். ஒரு தடுமாற்றமும் இல்லை. இடது காலை அழகாக நிலத்தில் வைத்து நின்றான். ஆளில்லாத சில்லு பாலத்தின் மறுபக்கம் தன்பாட்டில் உருண்டு போனது.

"என்னடா, கால் பிடிச்சிட்டுதோ?"

"இல்லை."

"பிறகேன் இறங்கினனீ?"

"தெரியேல்லையடா. இறங்கிட்டன்."

அடுத்த நாளும் அதே இடத்தில் இறங்கினான். அதற்கடுத்த நாளும். சூசைப்பிள்ளை தன் கொப்பியில் மூன்று தரமும் நேரத்தோடு எழுதினார். பாலத்தில் ஏதோ இருக்கிறது, ஆரையும் கூட்டிவந்து பார்க்க வேணும் என்று டிலான் சொல்லத் தொடங்கினான். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் லதுஷா மூன்று நாள் படங்களையும் போட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணீர் வரச் சிரித்தாள்.

"அண்ணா, இஞ்ச வா. உன்ர காலைப் பார்க்காத. கையைப் பார்."

பார்த்தான். டிலானின் குரல் கேட்கிறது. உடனே தன்னுடைய வலது கை தலைக்கு மேல் எழுந்து, இல்லாத கூரையில் இரண்டு தட்டுத் தட்டுகிறது. அதற்குப் பிறகுதான் கால்.

"அவர் இறக்கம் எண்டு சொல்லுறார். நீ பஸ்ஸை நிப்பாட்டுறாய்!"

மறுநாள் ஓட்டோவுக்குள் ஒரு மாநாடு நடந்தது. டிலானுக்குக் கோபம். "இறக்கத்தை இறக்கம் எண்டு சொல்லாமல் ஏத்தம் எண்டே சொல்லுறது?"

"சரிவு எண்டு சொல்லலாமே. நல்ல தமிழ்" என்றார் சூசைப்பிள்ளை.

"ஐயா, சரிவு எண்டு எனக்கு வாய்க்குள்ள வாறதுக்கிடையில அவன் சரிஞ்சிடுவான்."

காதுக்குப் பஞ்சு அடைத்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த மணல் டிப்பரின் ஹோன் கேட்கவில்லை, அதோடு பஞ்சைக் கைவிட்டார்கள். சொல்லைக் கேட்டுக் கேட்டே மரத்துப்போகட்டும் என்று லதுஷா வீட்டில் சமயம் பார்த்து "இறக்கம்!" என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் இரண்டு தட்டு விழும். குளித்துக்கொண்டிருந்தால் வாளியில் விழும். பதினாறு வருடம் போகிற மாதிரித் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அவளே சொன்னாள். "மறக்கேலாட்டி விடு. பஸ்ஸை எடுக்கச் சொல்லுறதுக்கு என்ன சொல்லுவாய்?"

"றைற் எண்டுவன்."

"அப்ப இனிப் பாலம் இறங்கேக்க நாங்கள் றைற் எண்டுறம்."

சொல்லிப் பார்த்தார்கள். உச்சியில் வைத்து லதுஷா "றைற்! றைற்!" என்றாள். பிரகலாதனின் உடம்பு மிதிபலகையில் தொற்றுகிற உடம்பாக மாறியது. முழங்கால் தளர்ந்து, இடுப்பு முன்னுக்குச் சாய்ந்து, பாலத்தை வழுக்கிக்கொண்டு இறங்கினான். சூசைப்பிள்ளை கொப்பியில் எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல் பேனையை மூடினார்.

ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கச்சான் காற்று எழும்புவதற்கு முன் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். பஸ்ஸில் அன்று பிரகலாதனுக்குப் பதில் வேறொருவர். குச்சவெளியில் வட்டமடித்துத் திரும்பும்போது எல்லாம் சுகம். பிறகு காற்றுக்கு அவர்களுடைய கணக்குத் தெரியவில்லை. தரைப்பக்கமிருந்து சூடாக, மணலையும் அள்ளிக்கொண்டு, குறுக்காக அடித்தது. தொடை எரிந்தது. டிலான் நீட்டிய தண்ணீரில் பாதி முகத்தில் கொட்டியது. இறக்கக்கண்டியில் பாலமேறும்போது நாற்பத்தொரு கிலோமீற்றர் முடிந்திருந்தது.

உச்சி. "றைற்!" என்றாள் லதுஷா.

அவன் சாய்ந்தான். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. அவனுடைய பஸ்தான். அது அவனைக் கடக்கும்போது எஞ்சின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது.

"இறக்கம்!"

வலது கை எழுந்தது. இரண்டு தட்டு. இடது கால் பெடலை விட்டுக் கீழே போனது. சூசைப்பிள்ளை இடுப்புவரை ஓட்டோவுக்கு வெளியே தொங்கினார்.

"றைற்! அண்ணா, றைற்! றைற்! றைற்!"

லதுஷாவின் குரல் கிழிந்தது. போய்க்கொண்டிருந்த கால் தாருக்கு மேலே ஒரு கணம் யோசித்தது. சுற்றி வந்த பெடல் உள்ளங்காலில் இடித்தது. கால் அதைப் பிடித்துக்கொண்டது. பாம்பு போல வளைந்து வளைந்து பாலத்தின் அடிக்கு வந்து, பிரகலாதன் நிமிர்ந்தான்.

ஓட்டோவுக்குள் டிலான் மெதுவாகக் கேட்டான், "ஐயா, பட்டுதோ?"

"கால் பெடலை விட்டது. நிலத்தில படேல்லை. ரெண்டு விரல் இடைவெளி." சூசைப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்தார். "பார்த்தனான்."

நிலாவெளிச் சந்தியைத் தாண்டியும் அவன் நிற்கவில்லை. கால்கள் தங்கள்பாட்டில் மிதித்துக்கொண்டிருந்தன. லதுஷா ஓட்டோவிலிருந்து தலையை நீட்டி, கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னாள். "அண்ணா, இறக்கம்." இறங்கி, அப்படியே வீதியோரத்து மணலில் இருந்துவிட்டான்.

ஒன்பது நாற்காலிகளும் ஐப்பசியில் வந்தன. பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதற்கு முன்பே லதுஷா ஒன்றில் ஏறி இருந்து, எல்லோரும் பார்க்க ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு, "வழியை விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டு, தானே சில்லைத் தள்ளி உள்ளே போனாள்.

பிரகலாதனுக்கு ஒரு கோபம் மட்டும் ஆறவில்லை. பாலத்தில் பஸ் நிறுத்துமிடம் கிடையாது. அங்கே இறக்கம் கேட்டது யார்? சாதனை ஓட்டத்துக்கு அடுத்த நாள் வேலைக்கு ஏறியதுமே முதல் வேலையாகக் கேட்டிருந்தான்.

"நானா, எந்த விசரன் பாலத்தில இறக்கம் கேட்டவன்?"

அபூதாஹிர் வீதியைப் பார்த்துக்கொண்டு, "ஆரோ. சனம் கனக்க" என்றார். பிறகு பல நாள் கேட்டும் அதே பதில்தான்.

அன்று அந்த பஸ்ஸில் குச்சவெளியிலிருக்கும் தாய் வீட்டுக்குப் போன றம்ஸியா என்ற பெண் பல மாதம் கழித்துச் சொல்லித்தான் விசயம் வெளியே வந்தது. பயணிகள் யாரும் கேட்கவில்லை. பாலத்தின் உச்சியில் ஒற்றைச் சில்லைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, "இறக்கம்!" என்று கத்தியது சாரதி. பதினாறு வருடத்தில் அந்த ஆசனத்திலிருந்து அந்தச் சொல் வந்ததேயில்லை. குரல் பிடிபடாமல் போனதில் அதிசயமில்லை. கத்திவிட்டுத் தன் பக்கக் கதவால் முதலில் குதித்தவரும் அவர்தான். பின்னால் பஸ் முழுவதும் இறங்கியது. ஓட்டோ கண்ணுக்கு மறையும்வரை எல்லோரும் பாலத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள். சத்தம் கேட்டால் தம்பி திரும்பிப் பார்த்து விழுந்துவிடுவான் என்று சொல்லி, அபூதாஹிர் ஒருவரையும் கைதட்ட விடவில்லையாம்.