குங்குமம் வைத்த மூன்றாவது குறுந்தட்டு

எங்கள் தீவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, எங்கள் ஊரான லோவுவில் இந்திய வம்சாவளியினரின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. என் அண்ணனும் அண்ணியும் ஆக்லாந்துக்குக் கிளம்பினார்கள். அம்மா அப்பா காலமானபின் நான் அவர்களோடுதான் இருந்தேன். ஆனாலும், "நீயும் வர்றியா?" என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா திதியன்று, எச்சில் இலை எடுக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. "ஓடுறவங்க ஓடட்டும், என்னை யாரும் இழுக்க வேணாம்!" என்று நான் கத்தியது உண்மைதான். கோபத்தில் ஆயிரம் சொல்வேன். அதற்காகக் கேட்காமலே விட்டுவிடுவதா? மூன்று மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக் கணினியும் அவரோடு போவதாக முடிவாயிற்று. குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான்.

"வேணுங்கிற ஃபைல மட்டும் காப்பி பண்ணிக்க" என்றார் அண்ணன்.

"எது வேணும் எது வேணாம்னு நீங்க சொல்லாதீங்க. முழு டிஸ்க்கையும் அப்படியே எடுத்துக்கிறேன்."

வெறும் வீம்புதான். ஆனால் பக்கத்து நகரமான லௌடோகாவில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணினிகளுக்கு நான்தான் காவல். அந்த வேலை எனக்குத் தெரியும். டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுக்கும் மூன்று மென்பொருள்களைப் பார்த்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்தது, பிரதியைப் பல குறுந்தட்டுகளாகப் பிரித்து எழுதாது. முப்பது நாள் சோதனைக்குக் கிடைத்தது பிரதி எடுக்கும்; திரும்ப ஏற்றக் காசு கேட்கும். இது என்ன நியாயம்! கடைசியில், ஃப்ளாப்பியிலிருந்தே இயங்கும் பழைய ஒன்றைக் கடையில் வாங்கினேன். நீலத் திரை, பார்க்கச் சகிக்காது, ஆனால் சொன்னதைச் செய்யும். கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தோடு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து ஐந்து தட்டுகளில் எழுதி முடித்தேன்.

மறுநாள் பார்த்தால், ஐந்தும் சாமி படத்தின் முன்னால் இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள், குங்குமம். அதுவும் பளபளப்பான பக்கத்தில்!

"ஐயோ அண்ணி! படிக்கிற பக்கமே அதுதான்!"

"அரே, மறுபக்கம் நீ நம்பர் எழுதியிருந்தியே, அது அழிஞ்சிடக்கூடாதுன்னுதான் இங்க வச்சேன்" என்றார் அண்ணி.

திட்ட வாய் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஈரத்துணியால் துடைத்து எடுத்து வைத்தேன்.

அவர்கள் போன மறுமாதம், அலுவலகத்தில் கழித்துப் போட்ட, அதே ரகக் கணினி ஒன்று எனக்குக் கிடைத்தது. பிரதியை ஏற்றினேன். மூன்றாவது தட்டில் நின்றுவிட்டது. நடுத்துளையைச் சுற்றி மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உள்ளிருந்து வெளியே துடைத்து, மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஓடியது.

திரை வந்தது. அண்ணி பாதியில் சேமித்து வைத்த சீட்டாட்டம்கூட அப்படியே இருந்தது. முழு டிஸ்க் ஆயிற்றே, அழித்த ஃபைல்கள் கிடக்கும் குப்பைத்தொட்டியும் சேர்ந்து வந்திருந்தது. சும்மா திறந்தேன். ஒரே ஒரு கடிதம். விசா ஏஜெண்டுக்கு அண்ணன் எழுதி, அனுப்பாமல் விட்டது. தங்கையை விட்டுவிட்டு வர மனமில்லை, அவளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க என்ன வழி என்று கேட்டிருந்தார். கீழே என் முழுப்பெயர், பிறந்த தேதி.

அழித்த நாளைப் பார்த்தேன். அம்மா திதி.

அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஆக்லாந்துக்குப் போன் போட்டேன்.

"டிஸ்க் எல்லாம் சரியா ஏறுச்சா?" என்றார் அண்ணன்.

"ஏறுச்சுண்ணே. இப்ப ஒரு தடவ கேளுங்க."

"என்னத்த?"

"நீயும் வர்றியான்னு."